எவ்வளவு வலு போதும்?

மண்ணூரில் கடல் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் போகும் பக்கம், ஏரிகளுக்கும் தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்களுக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. ஆனால் அந்த வட்டாரத்தின் பெரிய தொழில்களில் ஒன்று, வலுவைச் செய்து விற்பது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ, நிசான் கார்களும் டைம்லர் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. ஒவ்வொரு புது மாடலும் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல் வலுவோடு வெளியே வந்தால்தான் அதற்கு விளம்பரம். புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தால் இதே இயந்திரங்களை நிறுத்தித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறோம். கருவியைக் கும்பிடுகிற ஒரு சமூகம், கருவி எவ்வளவு பெரிதாக இருந்தால் போதும் என்ற கேள்வியை மட்டும் ஏனோ சாமியார்களிடம் விட்டுவிட்டது. அந்தக் கேள்வியை மிகச் சிறிய ஒரு கருவியை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். கையில் அதிகக் காசில்லாத ஒருவர், பழவேற்காடு ஏரி போன்ற உப்புநீர்ப் பரப்பில் ஓட்டும் சின்ன பைபர் படகுக்கு மின்சார டிரோலிங் மோட்டார் வாங்க நினைக்கிறார். எவ்வளவு வலு கொண்டதை வாங்குவது சரி?

இழுவைமடிப் படகுகளின் டிராலிங் வேறு, இது வேறு. டிரோலிங் மோட்டார் என்பது படகின் முன்பக்கமோ பின்பக்கமோ மாட்டி, பேட்டரியில் ஓட்டும் சத்தமில்லாத சிறு மோட்டார். இதை விற்பவர்கள் குதிரைத்திறனில் பேசுவதில்லை. எத்தனை பவுண்டு உந்துவிசை என்று பேசுவார்கள். படகும் ஆளும் வலையும் பேட்டரியும் சேர்ந்த மொத்த எடையில் நூறு பவுண்டுக்கு இரண்டு பவுண்டு உந்துவிசையாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் கணக்கு. பதினாறடிப் படகு எல்லாம் சேர்த்து ஐந்நூறு கிலோ வந்தால் அது ஆயிரத்து நூறு பவுண்டு. 22 பவுண்டு உந்துவிசை போதும் என்று கணக்கு சொல்லிவிடும். காற்றும் நீரோட்டமும் உள்ள இடத்தில் 55 பவுண்டு வாங்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு. ‘போதும் என்ற மனமே பொன்செய் மருந்து’ என்று வளர்ந்த நமக்கு, 22-ஐ வாங்குபவர் நல்லவராகவும் 55-ஐ வாங்குபவர் கொஞ்சம் ஆசைக்காரராகவும் தோன்றுவது இயல்பு. அந்தத் தோற்றம் தவறு என்பதுதான் என் வாதம். போதும் என்கிற அறம் மெய்யானது. அதைத் தனி ஆளின் தலையில் கட்டுவதில்தான் கோளாறு.

முதலில் அளவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மண்ணூருக்குப் பக்கத்து ஊரில் 1017-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் ராமானுஜர், வேதார்த்த சங்கிரகத்தில் சேஷம் என்றால் என்ன என்று ஒரு வரையறை தருகிறார். இன்னொன்றுக்குச் சிறப்புச் சேர்ப்பதற்காகவே எடுத்துக்கொள்ளப்படுவது எதுவோ, அதுவே தன் இயல்பாக இருப்பது எதுவோ, அது சேஷம். எதற்காக இருக்கிறதோ அது சேஷி. அவர் பேசியது உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைப் பற்றி. ஆனாலும் கருவிகளுக்கு இந்த வரையறை கச்சிதமாகப் பொருந்துகிறது. மோட்டாரின் நன்மை மோட்டாருக்குள் இல்லை. மோட்டார் படகுக்காக, படகு அதில் போகிறவருக்காக, அவர் போவது திரும்பி வருவதற்காக. அப்படியானால் போதுமா போதாதா என்பதை வாங்குபவரின் மனநிறைவிலோ பணப்பையிலோ தேடக்கூடாது. திரும்பி வரும் அந்த வேலையில்தான் தேட வேண்டும். மனத்தில் ஆசை குறைந்ததால் கடலில் நீரோட்டம் குறையப்போவதில்லை.

இனி கணக்கு. இந்த வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் பொறுமை வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் 55 பவுண்டு மோட்டாரை முழு வேகத்தில் வைத்தால் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். கிட்டத்தட்ட 600 வாட், ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. நூறு ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது; வடித்தால் சீக்கிரம் சாகும். ஆகவே கையில் இருப்பது ஐம்பது ஆம்பியர்-மணி. முழு வேகத்தில் ஒரு மணி நேரம், உண்மையில் கொஞ்சம் குறைவாகவே ஓடும். முழு வேகம் மணிக்கு நான்கு கடல் மைல் என்று வைத்துக்கொண்டால், நான்கு கடல் மைலில் பேட்டரி தீர்ந்தது. இப்போது வேகத்தைப் பாதியாகக் குறைப்போம். தண்ணீரைத் தள்ளத் தேவையான வலு ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறி இறங்கும். பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு வலு போதும். அதே பேட்டரி எட்டு மணி நேரம் வரும். மணிக்கு இரண்டு வீதம் பதினாறு கடல் மைல். வேகத்தைப் பாதியாக்கியதும் தூரம் நான்கு மடங்கு. பதினாறடிப் படகு ஐந்தரைக் கடல் மைல் வேகத்தை நெருங்கும்போது தன் அலையையே தான் ஏற வேண்டியிருப்பதால், செலவு இதைவிடவும் செங்குத்தாக ஏறும். அடக்கத்தைப் போதிக்க விரும்பும் எவருக்கும் இதைவிட நல்ல பிரசங்கம் கிடைக்காது: ஆசையைப் பாதியாக்கு, நான்கு மடங்கு பெறுவாய்.

ஆனால் இதெல்லாம் நிற்கிற தண்ணீரில். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தில் வற்றம் இறங்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே திரும்ப வேண்டிய படகுக்கு எதிராக நீரோட்டம் மணிக்கு இரண்டு கடல் மைல் வருகிறது என்று வையுங்கள். முழு வேகத்தில் போகிறவர் நான்கில் இரண்டைப் பறிகொடுத்து, ஒரு மணி நேரத்தில் இரண்டு கடல் மைல் முன்னேறுவார். பாதி வேகத்தில் போகும் அடக்கசாலி எட்டு மணி நேரமும் மோட்டார் ஓட, இருந்த இடத்திலேயே இருப்பார்; பேட்டரி தீர்ந்ததும் கடலுக்குள் இழுபடுவார். மூன்று கடல் மைல் வேகத்தில் போகிறவருக்கு 21 ஆம்பியர்தான் செலவாகும். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடி, 2.4 கடல் மைல் முன்னேறுவார். மும்மடிக் கணக்குப்படி எந்த எதிர்நீரோட்டத்துக்கும் இதே விகிதம்தான் வருகிறது. எதிர்க்கும் ஓட்டம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு வேகம், அதுவே குறைந்த செலவில் அதிக தூரம். நின்ற நீரில் ‘எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது’ என்ற விடை, ஓடும் நீரில் ‘எதிரியைப்போல் ஒன்றரை மடங்கு’ என்று மாறிவிடுகிறது. 22 பவுண்டு மோட்டாரை வாங்கியவருக்கு இந்த ஒன்றரை மடங்கு எட்டுமா என்பதே சந்தேகம்.

இந்த மூன்று பேரின் கணக்கிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவசரக்காரர் 2, நிதானமானவர் 2.4, அடக்கசாலி பூஜ்யம். மிகையாகச் செலவிட்டவருக்குக் கிடைத்த தண்டனை அற்பம். குறைத்துக்கொண்டவருக்கோ முழு அழிவு. மிகையும் குறையும் ஒரே அளவு தீங்கு என்று நடுவழி பேசும் தத்துவங்கள் சொல்லாமல் சொல்கிற சமநிலை இங்கே இல்லை. திருக்குறளில் வலியறிதல் என்ற அதிகாரத்தை நாம் பெரும்பாலும் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறியும் எச்சரிக்கையாகவே நினைவில் வைத்திருக்கிறோம்; அளவுக்கு மீறாதே என்று படிக்கிறோம். அதே அதிகாரத்தின் முதல் குறளோ வேலையின் பலம், தன் பலம், எதிரியின் பலம், துணையின் பலம் ஆகிய நான்கையும் எடைபோடச் சொல்கிறது. எதிரியின் பலத்தைக் கணக்கில் எடுக்காத அடக்கம் அந்த அதிகாரத்தில் எங்கும் பாராட்டப்படவில்லை. வரவு சிறிதானாலும் செலவு பெருகாதவரை கேடில்லை என்ற குறளும் அங்கேயேதான் இருக்கிறது; பேட்டரி வைத்திருப்பவருக்கு அது புரியும். ஆனால் அதுவும் முதல் குறளின் நிழலில் வைத்துப் படிக்க வேண்டியது.

அப்படியானால் பெரியதாகவே வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கையில் இருக்கும் பணத்துக்கு வரம்பு உண்டு என்பதுதான் பதில். வரம்புக்குள் எங்கே சிக்கனம், எங்கே தாராளம் என்று பிரித்துக்கொள்ளவும் அதே திரும்பி வரும் வேலையே வழிகாட்டும். முதல் செலவு உப்புக்கு எதிராக. நன்னீர் மோட்டார் விலை குறைவு என்று வாங்கி உப்புநீரில் இறக்கினால், வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்னரிப்பு தொடங்கி, ஒரு பருவத்துக்குள் மரையும் தண்டும் பிடித்துக்கொள்ளும். உப்புநீருக்கென்று செய்த மோட்டாரில் பூச்சும், துருப்பிடிக்காத எஃகும், கூடவே ஒரு துத்தநாகத் துண்டும் இருக்கும். மற்ற உலோகத்துக்குப் பதிலாக அந்தத் துண்டு கரையும். கரைந்ததும் மாற்ற வேண்டும். (இதைத் தியாகம் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. துத்தநாகத்துக்கு அப்படியொரு விருப்பம் இல்லை, விட்டுவிடலாம்.) அடுத்தது பேட்டரி. ஈயத்தைச் சில நூறு முறை ஆழமாக வடித்து ஏற்றலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் இரண்டாயிரம் முறைக்கு மேல் தாங்கும், எடையும் பாதிக்குள். இன்று மலிவாக வருவது நான்கு வருடத்தில் விலை உயர்ந்ததாகிவிடும். ஆனால் அந்த நான்கு வருடத்துக்கான பணத்தை இன்றே புரட்டக் கடன் வாங்க வேண்டியவருக்கு ஈயமே சரியாக இருக்கலாம். வட்டியும் ஒரு எதிர்நீரோட்டம்தான். மூன்றாவதுதான் உந்துவிசை. செயற்கைக்கோளைப் பார்த்துப் படகை ஓரிடத்தில் நிறுத்தும் வசதி, கைபேசியிலிருந்து ஓட்டும் வசதி போன்றவை பட்டியலில் கடைசியிலும் வராது. சராசரி ஒரு மீட்டர் ஆழமே உள்ள ஏரியில் கழியை ஊன்றினால் படகு நிற்கும். மோட்டார் எதுவானாலும் ஒரு சோடித் துடுப்பு படகில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

மிகையால் தனக்கு அதிகக் கேடில்லை என்றால் மிகை குற்றமே இல்லையா? குற்றம்தான். ஆனால் அது யாருக்கு இழைக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கேரளக் கடற்கரையில் 1980-களில் ஏழெட்டுக் குதிரைத்திறன் கொண்ட வெளிப்புற என்ஜினோடு வள்ளங்கள் ஓடத் தொடங்கின. முதலில் மாட்டியவருக்கு லாபம். பக்கத்து வள்ளமும் மாட்டியதும் லாபம் சமமாகிவிட்டது. பிறகு இருபத்தைந்து, நாற்பது. ஒரே வள்ளத்தில் இரண்டு மூன்று என்ஜின். வள்ளத்துக்கு வள்ளம் எரிபொருள் செலவும் கடனும் ஏறின. கடலில் மீன் ஏறவில்லை. ஒவ்வொருவரும் செய்தது அவரவர் நிலையில் நியாயமான முடிவு. எல்லாம் சேர்ந்து நியாயமில்லாமல் போனது. தமிழ்நாட்டிலும் இதே கதை விசைப்படகில் நடந்தது. 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை பாரம்பரியப் படகுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, 2020-இல், விசைப்படகு என்ஜின் 240 குதிரைத்திறனைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது. போதும் என்பதற்கு அரசு ஒரு எண் போட்டது. அந்த எண் எந்த மீனவரின் மனத்திலும் திருப்தியாக முளைத்ததில்லை. முளைக்கும் என்று காத்திருந்தால் இன்னும் முளைத்திருக்காது.

சமய மரபுகள் இதற்கு மறுப்புச் சொல்லும், சொல்ல வேண்டும். திருப்தி உள்ளத்தின் குணம்; வெளியிலிருந்து போடும் எண் வெறும் கட்டுப்பாடு; அதில் என்ன அறம்? இதற்கு எனக்குக் கிடைக்கும் நல்ல பதில் சமணத்திலிருந்து வருகிறது. மீன்பிடிக்கப் போகிறவருக்குச் சமண விரதத்தைச் சொல்வது எவ்வளவு முரண் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். சமண இல்லறத்தார் எடுக்கும் விரதங்களில் ஒன்று, தன் உடைமைக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே அளவு கட்டுவது. இன்னொன்று திசை விரதம்: கிழக்கே இவ்வளவு, மேற்கே இவ்வளவு, இதற்கு மேல் போகமாட்டேன் என்று எல்லை வைப்பது. உள்ளத்தைத் துறவிகளுக்குக் கூர்மையாக்கித் தந்த அதே மரபு, இல்லறத்தாருக்கு அதை எண்ணாகவும் தூரமாகவும் மாற்றித் தருகிறது. அதையும் ஆசிரியர் முன்னிலையில், பிறர் அறிய எடுக்கச் சொல்கிறது. ஆசை வந்தபின் அதோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு வீண் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பேட்டரியில் ஓடும் படகு இந்த விரதத்தைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது என்பது ஒரு வேடிக்கை. பாதி வடிந்ததும் திரும்பியாக வேண்டும்.

பக்தி மார்க்கம் வேறு பக்கமிருந்து கேட்கும். கணக்குப் பார்ப்பவனுக்கு ஏது சரணாகதி? நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் இருந்த அதிபத்த நாயனார், தினமும் அகப்படும் மீனில் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலில் விட்டவர். ஒரே மீன் அகப்பட்ட நாள்களிலும் அதை விட்டார். பட்டினி கிடந்த காலத்தில் பொன் மீன் அகப்பட்டபோதும் விட்டார். கணக்கின் கடைசி இழை வரை அறுத்த பக்தி அது. அதற்கு முன்னால் ஆம்பியர்-மணியைப் பற்றிப் பேசுவது சின்னத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அவர் கொடுத்தது வலையில் விழுந்ததை. வலையையோ தோணியையோ அவர் கொடுத்ததாகக் கதையில் இல்லை. மறுநாளும் கடலுக்குப் போனார், அதற்கு மறுநாளும் போனார். போய் வரும் திறனை வைத்துக்கொண்டுதான் பிடித்ததைத் துறந்தார். பலனைத் துறப்பதும் கருவியைக் குறைப்பதும் வேறு வேறு காரியங்கள். இரண்டாவதை முதலாவதாக எண்ணிக்கொண்டு, கூட வருபவரையும் ஓட்டைப் படகில் ஏற்றுவது பக்தியில் சேராது.

மூன்றாவது மறுப்பு கடுமையானது, ஓரளவு நியாயமானதும்கூட. எளிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் எளிமையில் இருப்பவர்களிடமிருந்து தொலைவில் இருப்பவர்கள். மின்சார மோட்டார், சிறிய தொழில்நுட்பம் என்பதெல்லாம் ஏழைக்கு இரண்டாந்தரப் பொருளைத் தலையில் கட்டும் நாகரிக வழி. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா மீது இந்தக் குற்றச்சாட்டை வைக்க முடியாது. நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலைச் சிறையில் எழுதி, கடைசிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்தவர் அவர். அவர் சிந்தனையை மேற்கோள் காட்டியே பொருளியலாளர் ஷூமாக்கர் பௌத்தப் பொருளாதாரம் பற்றி எழுதினார்; 1973-இல் வந்த ஷூமாக்கரின் நூலின் தலைப்பு, சிறியதே அழகு, உலகம் முழுக்கப் பழமொழியானது. அந்தப் பழமொழியைக் கடலில் இறக்கிப் பார்த்தவர் பெல்ஜியத்திலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்த பியர் ஜில்லே. கட்டுமரத்துக்கு மரம் கிடைக்காமல் போன காலத்தில், முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை மீனவர்களோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். அந்த அனுபவத்தை 1985-இல் நூலாக்கியபோது அவர் வைத்த தலைப்பு, சிறியது கடினம் என்று பொருள்படுவது. ஷூமாக்கரின் புத்தகத்தைவிட இந்தத் தலைப்பு எனக்கு உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. பெரிய என்ஜினில் பிழைக்கு இடம் உண்டு. எடை தவறினாலும், காற்று மாறினாலும் வலு ஈடுகட்டிவிடும். சிறியதில் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொரு மரையும் சரியாக இருந்தாக வேண்டும். எனவே சிறிய கருவிக்குத்தான் சிறந்த பொறியாளரும் சிறந்த உலோகமும் தேவை. ஒரகடத்தின் திறமை முழுதும் லாரிக்கும் காருக்கும் போய், மீனவருக்கு வந்து சேர்வது நன்னீர் மோட்டாரின் மலிவுப் பதிப்பாக இருந்தால், குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். சிறியதை ஏழைக்குத் தருகிறோம் என்று சொல்லிக் குறையுள்ளதைத் தருவதுதான் இரண்டாந்தரம்.

வரம்பைத் தனி ஆள் இடாமல் ஊர்தான் இட வேண்டும் என்றால் எந்த ஊர், எப்படி என்பதற்குப் பழவேற்காட்டிலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. அங்கே பட்டினவர் என்ற மீனவச் சாதியினரின் குப்பங்களில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களில் எவர் எந்த நாளில் வலை வைப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. வேகமாகப் போகிறவருக்கு முதலிடம் என்ற விதி அங்கே செல்லாது. ஆகவே வேகத்துக்காக வலுவைக் கூட்டும் போட்டிக்கும் அந்த இடங்களில் வேலை குறைவு. அந்த முறைக்குள் யார் வரலாம் என்பதில் சாதி எல்லை உண்டு. வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அது நியாயமாகத் தோன்றாது. அந்தக் குறையோடுதான் அதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் ‘போதும்’ என்பதை ஆளுக்கு ஆள் உபதேசிக்காமல் வலை வைக்கும் முறையிலேயே கட்டிவைத்த ஏற்பாடு என்ற வகையில் அது பல தத்துவ நூல்களுக்கு ஒரு படி மேலே நிற்கிறது. பாடு உறுதியாக இருக்கும் ஊரில் ஒருவர் 55 பவுண்டு மோட்டார் மாட்டினால் அவர் பாதுகாப்பாகத் திரும்புவார், அவ்வளவுதான். அடுத்தவர் மீனை எடுத்துவிட முடியாது. பாடு இல்லாத திறந்த நீரில் அதே மோட்டார் அடுத்த ஆண்டு எண்பதாகவும், இருபத்துநான்கு வோல்ட்டாகவும் வளரும். இன்றைக்குச் சட்டம் குதிரைத்திறனில் பேசுகிறது, கடை பவுண்டில் விற்கிறது, பேட்டரி ஆம்பியர்-மணியில் அளக்கப்படுகிறது. இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகள் உப்புநீர் மோட்டாரை மலிவாகச் செய்யத் தொடங்கினால், குப்பத்துக் கூட்டம் இந்த மூன்றில் எதை வைத்து எல்லை போடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். முதல் பத்துப் படகுகள் வரும்போதே அது நடந்தால் பேசித் தீர்க்கலாம். நூறாவது படகு கடன் வாங்கி மாட்டிய பிறகு என்றால் ஒவ்வொரு பவுண்டைக் குறைப்பதும் ஒருவரின் தவணையில் கைவைப்பதாகிவிடும்.